ரோட்டோர மண்ணை சிமெண்ட் போட்டு மூடுகிறார்கள், நகராட்சியை நடவடிக்கை எடுக்க வைப்பது எப்படி?

வேப்பமரத் தெரு:
எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் ஒரு நகராட்சி. மனு நிலுவையில் இருப்பதால் ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் எழுதவில்லை, ஆளைத் தெரிந்தவர்களும் தயவுசெய்து இங்கே போட வேண்டாம்.

தார் ரோட்டுக்கும் வீட்டு மதிலுக்கும் நடுவில் மண் ஓரம் உண்டு. நாலடி அகலம், சில இடத்தில் ஐந்தடி. வேம்பு, புங்கை, இரண்டு பூவரசு எல்லாம் அதில்தான் நிற்கின்றன. முதலில் ஒரு வீட்டில் கார் ஏற்றுவதற்கு பேவர் பிளாக் பதித்தார்கள். அதைப் பார்த்து அடுத்த வீட்டில் பதித்தார்கள், அதற்கடுத்த வீட்டில் பிளாக் கூட வேண்டாம் என்று நேராக கான்கிரீட்டே கொட்டிவிட்டார்கள். இப்போது தெருவின் ஒரு பக்கம் முழுக்க மண்ணே தெரியவில்லை. ஒருவரும் அனுமதி வாங்கியதாகத் தெரியவில்லை. கேட்டால் "என் வீட்டு முன்னாடிதானே போட்டேன்" என்கிறார்கள்.

மூலை வீட்டு வேம்பைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அடிமரத்தை ஒட்டி விரல் நுழைய இடமில்லாமல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். மரம் பருக்க முயன்று பட்டை பிதுங்கி சிமெண்ட் விளிம்பின் மேல் மடிந்து கிடக்கிறது, அந்த மடிப்பில் பிசின் வடிகிறது. உச்சிக் கிளைகள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வருகின்றன. சித்திரையில் அந்தத் தெருவில் நடந்து போகிறவர்களுக்கு இருக்கிற ஒரே நிழல் அதுதான்.

வார்டு கவுன்சிலரிடம் சொன்னோம், நகராட்சியில் எழுதிக் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. சண்டை போட ஆசையில்லை, எல்லாரும் ஒரே தெருக்காரர்கள். ஆனால் அது பொது இடம், அதை நகராட்சிதான் காப்பாற்ற வேண்டும். எப்படிக் கேட்டால் வேலை நடக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று:
எங்கள் ஊரிலும் இதே கதை. மனு கொடுத்தால் "இது தனிநபர் தகராறு, உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. ரோட்டோர மண் எப்படித் தனிநபர் தகராறு ஆகும்? குடிநீர்க் குழாய் இழுக்க ரோட்டைத் தோண்ட வேண்டும் என்றால் அனுமதி கேட்டு, பணம் கட்டி, ரசீது வாங்கிய பிறகுதான் கடப்பாரையை எடுக்க விடுகிறார்கள். அதே ரோட்டின் ஓரத்தை நிரந்தரமாக மூட மட்டும் யாரையும் கேட்க வேண்டாமா?

கடைத்தெரு:
நான் போட்டவன் பக்கம் பேசுகிறேன், கோபப்படாமல் கேளுங்கள். என் கடை முன்னாலும் பிளாக் போட்டிருக்கிறேன். ஏன் போட்டேன்? அந்த மண் ஓரத்தில் மேலே இருக்கிற நாலு வீட்டுக் கழிவுநீர் வந்து தேங்கும், கொசு, நாற்றம். ஆடி மாசக் காற்றில் மணல் பறந்து சரக்கு மேலெல்லாம் படியும். கால்வாய் கட்டித் தாருங்கள் என்று நானும் மனு கொடுத்திருக்கிறேன், நடக்கவில்லை. அப்புறம் சொந்தக் காசு போட்டு சரி செய்தேன். அதற்கு என்னை ஆக்கிரமிப்பாளன் என்றால் எப்படி? மரம் என் கடை முன்னாலும் நிற்கிறது, அதற்கு தினமும் தண்ணீர் ஊற்றுகிறவனும் நான்தான்.

வேப்பமரத் தெரு:
அண்ணே, கழிவுநீர் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம், அதற்கு நானும் கூட வந்து கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பிளாக் போட்டதால் அந்தத் தண்ணீர் எங்கே போனது? கீழே இருக்கிற வீட்டு வாசலுக்குத்தான் போனது. எங்கள் தெருவில் போன ஐப்பசி மழைக்கு அப்படித்தான் ஒரு பாட்டி வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது, அதற்கு முன்னால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் வந்ததே இல்லை.

மரத்துக்கு ஊற்றுகிற தண்ணீரும் வேருக்குப் போகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு வாளி ஊற்றினால் அது பிளாக் மேல் வழிந்து ரோட்டுக்குத்தான் ஓடுகிறது.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
சர்வீஸ் முழுக்க ரோடு வேலை பார்த்தவன் என்பதால் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலில் மரம். வேப்பமரத்துக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும், அதனால் மேலே மூடினால் ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். மரம் சாப்பிடுவதும் குடிப்பதும் பெரும்பாலும் மேல்மண்ணில், ஒன்றிரண்டு அடிக்குள் பரவியிருக்கிற மெல்லிய வேர்கள் வழியாகத்தான். அந்த வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. ஜல்லித் தூசி போட்டு இடித்து, அதன் மேல் சிமெண்ட் கலவை பரப்பி பிளாக்கை ஒட்டினால் இரண்டும் நின்றுவிடும். மரம் ஒரே நாளில் சாகாது. உச்சியிலிருந்து காயும், அடுத்த காற்றில் கிளை முறியும், அதற்கு அடுத்த வருஷம் "ஆபத்தான மரம்" என்று வெட்ட ஆள் வரும். தம்பி சொன்ன மூலை வேம்பு அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டாவது தண்ணீர். நம் கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. உப்புத் தண்ணீர் கனமானது, அதனால் கீழே கிடக்கும். கணக்கு என்னவென்றால், கடல் மட்டத்துக்கு மேல் நிலத்தடி நல்ல தண்ணீர் ஓரடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஓரடி இறங்கினால் கீழே 40 அடி உப்பு ஏறிவரும். ராமேஸ்வரம் தீவிலும் தனுஷ்கோடிப் பக்கமும் மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, கடலுக்குப் பக்கத்திலேயே குடிக்கிற தண்ணீர் எடுத்தது இப்படித்தான். அந்த மேல் தண்ணீரை நிரப்புவது மழை மட்டுமே. நமக்கு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும், கொட்டுகிற அந்தக் கொஞ்ச நாளில் மண் வாய் திறந்திருக்க வேண்டும்.

நாலடி மண்ணில் என்ன இறங்கிவிடும் என்று கேட்பவர்களுக்காக: நாலடி அகலம், 300 அடி நீளம் என்றால் 1,200 சதுர அடி. அதன் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 1,100 லிட்டர். ரோட்டிலிருந்து வழிந்து வருவது தனி. குடம் இத்தனை ரூபாய் என்று தள்ளுவண்டியில் தண்ணீர் வாங்குகிற ஊரில் இதை வேண்டாம் என்று சாக்கடைக்கு அனுப்புகிறோம். வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003லேயே கொண்டு வந்த மாநிலம் இது. வீட்டுக்குள் குழி எடுக்கச் சொல்லிவிட்டு வாசலுக்கு வெளியே மூட விடுவது எந்த நியாயத்தில் சேரும்?

வக்கீல் தம்பி:
ஓவர்சியர் சார் சொன்னது அருமை. சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். இது பொதுவான தகவல்தான், உங்கள் ஆவணங்களைப் பார்த்துவிட்டு ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி அது யார் ரோடு என்பது. மனுக்கள் செத்துப் போகிற இடம் இதுதான். மதுரை–ராமேஸ்வரம் சாலை தேசிய நெடுஞ்சாலை, அதன் ஓரம் என்றால் நகராட்சி "எங்களுடையது இல்லை" என்று கைகழுவும். அங்கே 2002ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலை நிலம், போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டம். மாநில நெடுஞ்சாலைத் துறை ரோடு என்றால் 2001ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், அதில் 28ஆவது பிரிவில்தான் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வரும். நகராட்சித் தெரு என்றால் 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும். பலர் இன்னும் 1920ஆம் ஆண்டின் பழைய மாவட்ட நகராட்சிகள் சட்டத்தைப் போட்டு மனு எழுதுகிறார்கள், அதைத் தவிருங்கள். அரசுப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் தாசில்தார் 7ஆவது பிரிவில் நோட்டீஸ் கொடுத்து, 6ஆவது பிரிவில் அகற்ற உத்தரவு போடலாம்.

அதனால் முதல் வேலை, நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் புலப்பட நகலும் வாங்குவது. தெருவின் அகலம் எத்தனை மீட்டர் என்று அதில் இருக்கும். தார் போட்ட இடம் மட்டும் ரோடு இல்லை, அந்த அகலத்துக்குள் வருகிற மண் ஓரமும் தெருதான். "என் வீட்டு முன்னாடி" என்ற பேச்சுக்கு அந்த வரைபடம் பதில் சொல்லிவிடும்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம். நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்கள். "ஏன் நடவடிக்கை இல்லை" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். ஆவணம் கேளுங்கள்: இந்தத் தெருவில் சாலையோரத்தில் பேவர் பிளாக், கான்கிரீட் போட யாருக்காவது கொடுத்த அனுமதி உத்தரவின் நகல், எங்கள் மனுவின் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்பின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் 19(1) பிரிவில் முதல் மேல்முறையீடு. "அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை" என்று முத்திரையோடு ஒரு வரி வந்துவிட்டால் பாதி வழக்கு முடிந்தது.

டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கிற கான்கிரீட்டை அகற்றச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் உத்தரவு போட்டது. அது டெல்லிக்கான உத்தரவு, நம் நகராட்சியைக் கட்டுப்படுத்தும் என்று எழுதாதீர்கள். ஆனால் ஒரு மீட்டர் என்ற அளவுகோலுக்கு அது நல்ல ஆதாரம்.

கடல் தாண்டியவன்:
சொந்த ஊர் கீழக்கரைப் பக்கம், சிங்கப்பூரில் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிறேன். இங்கே ரோட்டோர மரமும் அது நிற்கிற புல் ஓரமும் பெரும்பாலும் தேசியப் பூங்கா வாரியத்தின் பொறுப்பு. பக்கத்துக் கட்டடத்தில் வேலை நடந்தால் முதலில் மரத்தைச் சுற்றி வேலி போட வேண்டும், அந்த வேலிக்குள் ஒரு மூட்டை சிமெண்ட் இறக்கி வைக்கக்கூட விடமாட்டார்கள். 1975லேயே பூங்காக்கள், மரங்கள் சட்டம் கொண்டு வந்த ஊர் இது. அங்கே ஊரில் நம் ஆட்கள் வெளிநாட்டுக் காசில் வீடு கட்டும்போது வாசலையும் சேர்த்து மூடுவதைப் பார்க்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் வீட்டு வாசலை முதலில் திறக்கச் சொல்லி வாப்பாவிடம் பேசியிருக்கிறேன்.

கரைவலை மகள்:
நீங்கள் எல்லாரும் சொல்வது சரிதான், ஆனால் எனக்கு ஒரு பயம். ஆக்கிரமிப்பு என்று மனு கொடுத்தால் முதலில் யார் மேல் கை வைப்பார்கள்? என் அம்மா அந்தப் பூவரசு நிழலில் அன்னக்கூடை வைத்து மீன் விற்கிறவர். பக்கத்தில் இன்னொரு அம்மா கருவாடு, வெயில் காலத்தில் ஒரு தாத்தா நுங்கு. லாரியோடு வந்தால் கூடையையும் தராசையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள், கான்கிரீட் அப்படியே இருக்கும். வேறு ஊரில் இப்படி நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மரம் செத்தால் முதலில் நடுத்தெருவுக்கு வருவதும் எங்கள் அம்மா மாதிரி ஆட்கள்தான், அதனால் நான் மனுவுக்கு எதிரி இல்லை. எழுதுகிறவர்கள் இதை மனசில் வைத்து எழுதுங்கள் என்று கேட்கிறேன்.

வக்கீல் தம்பி:
அக்கா சொன்னது மிக முக்கியம். மனுவில் "ஆக்கிரமிப்புகளை அகற்றவும்" என்று பொதுவாக எழுதவே கூடாது. எந்த வீட்டு எண் முன்னால், எத்தனை அடி நீளம், கான்கிரீட்டா பிளாக்கா, எந்த மரம் என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, நோட்டீஸ் இல்லாமல் தூக்கக் கூடாது. அம்மாவிடம் நகராட்சி கொடுக்கிற வியாபாரி அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பம் போடுங்கள். நடைபாதையை மறிக்க யாருக்கும் உரிமை இல்லை, ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் அப்புறப்படுத்தவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் சொல்லிவிட்டது.

தேவிபட்டினம் டீச்சர்:
என் அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். வாசலில் சாய்தளம் இல்லாவிட்டால் அவரை வெளியே கொண்டு வர முடியாது. எல்லாக் கான்கிரீட்டையும் பெயர்க்க வேண்டும் என்றால் எங்கள் சாய்தளமும் போய்விடுமா?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
போக வேண்டியதில்லையம்மா. வாசல் அகலத்துக்கு ஒரு சாய்தளம் எல்லா வீட்டுக்கும் தேவைதான், அதற்கு முறையாக எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாசல் மூன்றரை அடி என்றால் சாய்தளமும் ஏறத்தாழ அவ்வளவு, மிச்ச 25 அடி மண்ணாகவே இருக்கலாம். மூன்றரை அடி வாசலைச் சாக்காக வைத்து மதில் நீளம் முழுக்க மூடுவதுதான் தகராறு.

இன்னொரு எச்சரிக்கை. நகராட்சி இறங்கி வந்தால் ஜேசிபியை மட்டும் மரத்துக்குப் பக்கத்தில் விடாதீர்கள். அந்தப் பல் ஒரு இழு இழுத்தால் கான்கிரீட்டோடு வேரும் வரும், நாம் காப்பாற்றப் போய் நாமே கொன்றதாகிவிடும். மரத்தைச் சுற்றி மூன்றரை அடிக்குக் கையால் உளி, சம்மட்டி வைத்து உடைக்க வேண்டும். இடித்த ஜல்லித் தூசியை அள்ளிவிட்டு, மணலும் மக்கிய எருவும் கலந்து போட்டு, வேர் மேலே தெரிந்தால் அது மறையும் அளவுக்கு மட்டும் மூடி விட வேண்டும். அடிமரத்தை மண் குவித்து மூடக் கூடாது. இதையும் மனுவிலேயே எழுதுங்கள், வேலைக்கு வருகிற ஆளுக்கு இது தெரியாது.

கடைத்தெரு:
நான் சொன்னதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் பதில் சொன்னதற்கு நன்றி. ஆனால் என் நிலை இதுதான்: கால்வாய் இல்லாமல் என் பிளாக்கை மட்டும் எடுக்கச் சொன்னால் நான் எடுக்க மாட்டேன். கால்வாய்க்கும் மண் ஓரத்துக்கும் சேர்த்து ஒரே மனு என்றால் முதல் கையெழுத்து என்னுடையது. மரத்தைச் சுற்றி மட்டும் ஓவர்சியர் சொன்ன மாதிரி மூன்றரை அடி, அதை நானே ஆள் வைத்து உடைக்கிறேன், அதற்கு யார் உத்தரவும் வேண்டாம்.

உப்புக்காற்று:
கடைக்காரர் அண்ணன் சொல்வதுதான் வழி. கழிவுநீரை மண் ஓரத்தில் விடுவதும் விதிமீறல்தான், கான்கிரீட் போடுவதும் விதிமீறல்தான், இரண்டையும் கண்டுகொள்ளாத அலுவலகம் ஒன்றுதான். காசில்லை என்று சொல்வார்கள், அதற்கும் பதில் இருக்கிறதல்லவா தம்பி?

வக்கீல் தம்பி:
இருக்கிறது. 1980ல் ரத்லாம் நகராட்சி வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு தெருவாசிகள் திறந்த சாக்கடை, நாற்றம் என்று மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள், நகராட்சி நிதியில்லை என்றது. நிதியில்லை என்று சொல்லிக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர்கள் பயன்படுத்தியது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவு. 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆவது பிரிவு. பொதுத் தொல்லையை அகற்ற ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், நிபந்தனை உத்தரவு போடலாம்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடுவது கடைசிப் படி. இதுபோன்ற வழக்கில் பெரும்பாலும் "மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடு" என்றுதான் உத்தரவு வரும், அதனால் மனு ஒழுங்காக இருந்தால்தான் அந்த உத்தரவுக்கும் உயிர் இருக்கும்.

வேப்பமரத் தெரு:
எல்லாருக்கும் நன்றி. இப்போது ஒரு உருவம் வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் நானும் பக்கத்து வீட்டு மாமாவும் டேப் பிடித்து அளக்க ஆரம்பித்தோம், கான்கிரீட் போட்ட வீட்டுக்காரர் ஒருவரே வந்து மறுமுனையைப் பிடித்தார். "நான் எடுக்க வேண்டும் என்றால் எல்லாரும் எடுக்க வேண்டும்" என்றார், அதில் தவறில்லை.

மனுவில் கேட்கப் போவது: தெருவை சர்வேயர் வைத்து அளந்து எல்லை குறிக்க வேண்டும். அனுமதியில்லாமல் மூடிய ஓரத்துக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் நோட்டீஸ் தர வேண்டும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டரை உடனே கையால் திறக்க வேண்டும், மற்றதை மழைக்கு முன்னால். வாசல் சாய்தளத்துக்கு அனுமதி முறை வைக்க வேண்டும். கழிவுநீர்க் கால்வாய்க்கு மதிப்பீடு தயாரிக்க வேண்டும். மீன், கருவாடு, நுங்கு விற்பவர்கள் இந்த மனுவுக்கு உட்பட்டவர்கள் இல்லை என்று தனி வரியே போடுகிறேன். ஆணையாளருக்கு ஒன்று, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டருக்கு ஒன்று, பதிவுத் தபாலில் ஒன்று. முதல்வரின் உதவி மையம் 1100 எண்ணிலும் பதிந்து அந்தப் புகார் எண்ணை மனுவில் எழுதிவிடுகிறேன்.

கரைவலை மகள்:
அந்தத் தனி வரிக்கு நன்றி அண்ணா. எங்கள் பக்கத்திலிருந்து ஐந்தாறு பேர் கையெழுத்துக்கு வருகிறோம், அம்மா கைநாட்டு வைப்பார்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
தம்பி, "மழைக்கு முன்னால்" என்று எழுதாதே, ஆபீஸில் அதற்கு அர்த்தமில்லை. "செப்டம்பர் 30க்குள்" என்று தேதி போடு. அப்புறம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதே. சர்வேயர் வருகிற அன்றைக்கு எனக்குச் சொல், நானும் வருகிறேன். தெரு முனையில் பழைய எல்லைக் கல் ஒன்று இருக்கும், பிளாக்குக்கு அடியில் போயிருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.